ரேகை விழாத விரல்கள்

விரல் ரொம்பக் காய்ந்திருந்தால் நாம் தொட்டதே சில சமயம் போனுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவிக் கிடக்கிறது. ஈரப்பசையுள்ள தோல் பட்டதும் அந்த இடத்தில் உண்டாகும் சின்ன மாறுதலை வைத்துத்தான் தொட்ட இடம் எது என்று போன் கண்டுகொள்கிறது. தோல் தடித்துக் காய்ப்பேறியிருந்தால் அந்த மாறுதல் போதுவதில்லை. பத்து வயதுப் பேரன் தொட்டால் திறக்கிற போன், அப்பத்தா தொட்டால் அசையாமல் கிடக்கிறது. இரண்டு முறை, மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது தாயி" என்று அவர் போனைத் தரையில் வைத்துவிடுகிறார். உங்கள் விரலைப் புரிந்துகொள்ளத் தெரியாதது அந்தக் கண்ணாடிதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பருத்தித் துணியும். விரலை ஒற்றி, புடவைத் தலைப்பில் லேசாகத் துடைத்து, மறுபடி தொடச் சொல்வேன். திறந்துகொள்ளும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைச் சீமை. சனிக்கிழமை சாயங்காலம் கிளை நூலகத்தில் போன் பழகுவதற்காகப் பாய் விரித்து உட்காருகிற பெண்களில் பலர் கல் உடைத்தவர்கள். ஆதனக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த இரண்டு பேர் முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை அரித்துக் கருக்கிவிடும். அவர்கள் விரல் நுனியில் வரி என்று ஒன்றும் மிஞ்சியிருக்காது. மற்றவர்கள் நாற்று நட்டவர்கள், புளி தட்டியவர்கள், சித்தாள் வேலைக்குப் போனவர்கள். இத்தனை வருஷ உழைப்பும் அந்தப் பத்து விரலில்தான் ஏறி நிற்கிறது.

தொடுவது கைவந்த பிறகு அடுத்த தொல்லை. "தொட்டா போதும்னு சொல்ற. தொட்டா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. அமுக்குனா எல்லாம் ஆடுது." படங்கள் ஆடும், இடம் மாறும், சில சமயம் காணாமலே போகும். வாழ்நாள் முழுவதும் அழுத்திப் பிடித்தே வேலை செய்த கைக்கு, பட்டும் படாமலும் தொடு என்றால் எப்படி வரும்? போனின் அமைப்புக்குள் போனால், எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தால் 'அழுத்திப் பிடித்தல்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாற்றலாம். அதை 'நீளம்' என்று வைத்து, எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. போன் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் யாரும் இதைச் செய்வதில்லை. அவர்களுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

இந்தக் கூட்டத்தில் என் கண் எப்போதும் தேடுவது குவாரி அத்தையை. எனக்கு அத்தை முறை. எழுபத்தைந்தை ஒட்டிய வயது. முன்வரிசையில் உட்கார மாட்டார். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் செய்வதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தன் போனைத் தொடுவார். 1991இலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியிருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஊர் ஊராகத் தெருநாடகம், பாட்டு, ஊர்வலம். சம்பளம் இல்லாத வேலை என்று தெரிந்தும் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் தொண்டர்களாகப் போனோம். எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் முன்னால் அரிக்கேன் விளக்கு வைத்து வகுப்பு. வேலை முடிந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியபோது கணக்கில் கொண்டது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை. எங்கள் தெருப் பட்டியலும் அதை ஒட்டித்தான் எடுக்கப்பட்டது. குவாரி அத்தை அப்போதே நாற்பதைத் தொட்டிருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. மகளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் வந்து, கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். சிலேட்டு இல்லை. மகள் எழுதி முடித்ததும் அந்தச் சிலேட்டை வாங்கி, எச்சில் தொட்டு அழித்துவிட்டு அவர் எழுதுவார்.

பலப்பம் அவர் பிடியில் நிற்காது. அழுத்துகிற அழுத்தில் ஒடியும். ஒடிந்த துண்டையும் விடமாட்டார். முதலில் கோடு, பிறகு வட்டம், பிறகு 'ட', 'ப', 'ம'. வளைவு குறைந்த எழுத்துகள் சீக்கிரம் வந்தன. அவர் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அந்த எழுத்தோடு அவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். அது படிந்த இரவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிலேட்டை அழிக்காமல் அப்படியே மகள் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

கைநாட்டு வைப்பவர்களைப் பதிவு அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நடத்தின விதத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்த 'ழ'வின் பெறுமதி தெரியும். பெருவிரலை அவர்களே பிடித்து, மைப்பெட்டியில் உருட்டி, தாளில் உருட்டி, கையைத் தள்ளிவிடுவார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை அந்த விரலுக்கு இல்லை. மையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார்கள். குடுமியான்மலைப் பக்கம் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்த காலம் அது. குழுவின் தாளில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை போட்டார். அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசிக்காமல் போடமாட்டேன் என்று எல்லாரையும் காக்க வைத்துவிட்டுத்தான் போட்டார்.

அப்போதுதான் சைக்கிளும் வந்தது. அறிவொளியோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு எங்கள் மாவட்டம் எப்போதும் கடமைப்பட்டிருக்கிறது. குளத்தங்கரையில், பள்ளிக்கூட மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் வாடகைச் சைக்கிளை வைத்துக்கொண்டு பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் என்ன, பார் வைத்த சைக்கிளே போதும் என்றார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் எந்த இடத்தில் கையை விட வேண்டும் என்பதுதான் அதில் வித்தை. விடாமலே பிடித்துக்கொண்டிருந்தால் ஏறியவருக்குச் சைக்கிள் வரவே வராது.

இன்றைக்கு வகுப்பில் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம் அந்தக் குளத்தங்கரையிலிருந்து வந்தது. கற்பவரின் போனைக் கற்பிப்பவர் கையில் வாங்கக் கூடாது. உதவிக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது. "குடுங்க பாட்டி, நான் போட்டுத் தரேன்" என்று கை நீண்டுவிடும். ஒரு நொடியில் நான்கு இடத்தைத் தொட்டு, வேண்டியதைத் திறந்து கொடுத்துவிடுவார்கள். பாட்டிக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நான்கு தொடலும் அவர் கண்ணுக்கே படுவதில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லிக்கொடு என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளைகள் திணறிப்போகிறார்கள். 'மேலே வலது பக்கம்' என்று சொல்லிப் பயனில்லை. 'சோத்தாங்கைப் பக்கம், மேல் மூலையில மூணு புள்ளி இருக்கு பாருங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அந்த விரல் தயங்கித் தயங்கிப் போய்ச் சேரும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி சிலருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகும். அந்த நிமிஷத்தைக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் முதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

அறிவொளிக் காலத்திலேயே கடிதம் எழுதிக்கொடுப்பது என் வேலையாகிவிட்டது. சிங்கப்பூருக்கும் அரபு நாட்டுக்கும் போன ஆண்கள் வீட்டுக்கு வீடு உண்டு. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மாடு கன்று போட்டதிலிருந்து மாமியார் பேசியது வரை சொல்லச் சொல்ல எழுதுவேன். சொல்ல முடியாததும் இருக்கும். ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து புருஷனுக்குக் கடிதம் சொல்லும்போது, எழுதுகிறவள் பக்கத்து வீட்டுப் பெண் என்றால் எதை எப்படிச் சொல்வாள்? சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சரி, அன்பு மனைவின்னு போட்டுரு" என்று முடித்துவிடுவார்கள். விழுங்கப்பட்ட அந்தச் சொற்கள் என் மனதில் வெகுகாலம் கிடந்தன.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் வசதி 2013இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய கதவை வேறெதுவும் திறந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. மைக் படத்தை அமுக்கிப் பிடி, பேசு, விடு. அவ்வளவுதான். இங்கே அந்த அழுத்திப் பிடிக்கும் பழக்கம் துணைக்கு வருகிறது. பெயர்களைப் படிக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு எண்ணோடும் முகப்படத்தைச் சேர்த்துவைக்கச் சொல்லிக்கொடுப்போம். மகன் முகத்தைத் தொட்டு மகனிடம் பேசலாம். முதன்முதலில் தன் குரலைத் தானே போட்டுக் கேட்டவர்கள் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒவ்வொருவரும் போனை எடுத்துக்கொண்டு நூலகத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடிக்கு, தனித்தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதை இனி யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

குவாரி அத்தை போனைக் கற்றுக்கொள்ள வந்த கதை வேறு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு எங்கள் மாவட்டமும் சேர்ந்து சாய்ந்தது. பொழுது விடிந்து பார்த்தால் தென்னை, மா, பலா எல்லாம் வேரோடு கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாக மடிந்திருந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலில் போனைச் சார்ஜ் போட ஊரே நின்றது. அத்தையிடம் பட்டன் போன் இருந்தது. பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். யாராவது கூப்பிட்டால் எடுப்பார். அவராக யாரையும் கூப்பிட்டதில்லை. மகன் சிங்கப்பூரில். அவன் எண் போனுக்குள் இருந்ததே தவிர அவருக்குத் தெரியாது. போன் செத்துப்போனது. அங்கே மகன் செய்தியில் புயலைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். கடைசியில் அறந்தாங்கியில் இருந்த யாரோ ஒரு கூட்டாளியைப் பைக்கில் அனுப்பி, அம்மா இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டான். அந்தப் பையன் வந்து நின்றபோது அத்தை சாய்ந்துபோன பலா மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்த பிறகு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "அவன் நம்பர எனக்கு எழுதக் கத்துக்குடு. மனசுல ஏத்திக்கிறேன். மெஷினு செத்தாலும் வேற மெஷின்ல அமுக்கிக்கிறேன்." சிங்கப்பூருக்கு முன்னால் போட வேண்டிய 65ஐயும் சேர்த்துப் பத்து இலக்கம். ரூபாய்க் கணக்கில் பழகிய ஆளுக்கு எண்கள் புதிதில்லை. எழுதி எழுதி மனப்பாடமாக்கினார். நூலகத்து வகுப்பு வருவதற்கு வெகுமுன்பே திண்ணையில் தொடங்கிய பாடம் அது. இப்போதும் வகுப்பில் எனக்கு முதல் பாடம் அதுதான்: உங்களுக்கு வேண்டிய மூன்று பேருடைய எண்ணை நோட்டில் எழுதுங்கள், மனதில் ஏற்றுங்கள்.

எண் என்றதும் இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆதாரில் எந்தப் போன் நம்பர் சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் எங்கள் வகுப்பில் கணிசமானவர்களுக்குத் தெரியவில்லை. பதிந்த அன்று கூட வந்தவர் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மருமகன் நம்பர், பக்கத்து வீட்டுப் பையன் நம்பர், எப்போதோ தொலைந்துபோன சிம்மின் நம்பர். ஓடிபி அங்கே போய் விழுகிறது. 2021 மார்ச் மாதம் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோதுகூட, பதிவு செய்யப் போன் வேண்டும், அதற்கு வரும் எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று இருந்தது. நேரில் போனாலும் போடுவார்கள் என்பது தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. ஆகவே அவரவர் நம்பரை அவரவர் ஆதாரில் ஏற்றுவது எங்கள் வகுப்பின் இரண்டாவது வேலை. மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, விரலை வைத்து ஏற்ற வேண்டும்.

விரலை வைத்து. அங்கேதான் மறுபடி முட்டிக்கொண்டது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அத்தை தனியாக இருப்பவர். அட்டையில் அவர் ஒருவர்தான். பெருவிரலை வைத்தார், ஏறவில்லை. ஆள்காட்டி விரல், ஏறவில்லை. விற்பனையாளர் நல்ல பிள்ளை. துணியில் துடைக்கச் சொன்னான், எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னான், இடது கையை வைக்கச் சொன்னான். பத்து விரலிலும் ரேகை விழவில்லை. நாற்பது வருஷம் கல்லில் தேய்ந்த விரல். வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். அத்தை சொன்னார்: "தம்பி, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எங்க போடணும்னு சொல்லு."

அன்று சாயங்காலம் அவர் அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம்தான் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. விரலை விட்டுவிட்டு எழுத்துக்கு வா என்று இரவெல்லாம் விளக்கு வைத்துக் கூப்பிட்டோம். வந்தார். முப்பது வருஷம் கழித்து, எழுத்து வேண்டாம், விரலைக் கொண்டுவா என்கிறோம். அந்த விரலை நாம் எப்போதோ செலவழித்துவிட்டோம். பிற்பாடு பல கடைகளில் கண் கருவிழியைப் பார்க்கும் கருவி வந்தது, இப்போது அத்தை அதில்தான் வாங்குகிறார். புரை அறுவை செய்த கண்ணோடு அதற்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பதும் எளிதில்லை. ஆனாலும் அது நல்ல மாற்றம். இந்த மாதிரி மாற்றுவழிகள் முதலிலேயே யோசிக்கப்பட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைக்கிறேன். தேய்ந்த விரல்கள் இந்த நாட்டில் ஏராளம் என்பது தெரியாதவர்கள் யாருமில்லை.

வயதைப் பற்றிய கணக்கும் அப்படித்தான். 2017இல் மத்திய அரசு கிராமப்புறங்களுக்கென்று டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு கோடிக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி. வயது 14 முதல் 60 வரை. அத்தைக்கு அப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. 35 என்று கோடு போட்டபோது அவர் நாற்பதில் இருந்தார். 60 என்று கோடு போட்டபோது அவர் அதையும் தாண்டியிருந்தார். இரண்டு கோட்டுக்கும் வெளியே விழுந்தது அதே தலைமுறை, அதே பெண்கள். இளையவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற எண்ணம் கேட்க நன்றாக இருக்கிறது. 1991இலும் அதைத்தான் சொன்னார்கள். இளையவர்கள் கற்றுக்கொண்டு சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். 2022இலிருந்து நடக்கும் புதிய எழுத்தறிவுத் திட்டத்தில் 15க்கு மேல் என்று மட்டும்தான் இருக்கிறது, மேல்வரம்பு இல்லை. அந்த ஒரு திருத்தத்துக்காக எழுந்து நின்று கைதட்டலாம்.

கேரளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பழக்கம் எங்களுக்கு அறிவொளிக் காலத்திலேயே உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்தபோதுதான் இங்கே எல்லாருக்கும் உத்வேகம் வந்தது. மறு வருஷம் ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில் மாநிலமே முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்க, அமைச்சர்களையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாகப் படித்த மலப்புறத்து மூதாட்டி செலக்கோடன் ஆயிஷாவை மேடையேற்றினார்கள். செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தைக் கோயில் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். அத்தை அந்தப் படத்துக்குக் கீழேதான் சாய்ந்து உட்காருவார். 2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தபோதும் அவர்கள் வயதுக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. பெரும்பாவூர்ப் பக்கம் நூறைத் தாண்டிய பெரியவர் ஒருவர் யூடியூப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்ற செய்தியை வகுப்பில் வாசித்தேன். எங்கள் முந்திரிப் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப நான் சின்னப் புள்ளதான்" என்றார்.

வகுப்புக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வருகிறார். உயிரோடு இருப்பதைக் காட்ட வருஷா வருஷம் கருவூலத்துக்குப் போய் வந்தவர். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. 2021இலிருந்து போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கலாம் என்றானது. கண்ணை இமைக்கச் சொல்லும், இமைத்தால் ஏற்றுக்கொள்ளும். அவருக்குக் கை நடுக்கம் உண்டு. போனைச் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிகரமாக முடித்தார். படித்தவர்களுக்கு எளிது என்று நினைக்க வேண்டாம். தெரியவில்லை என்று சொல்ல அவர்களுக்குத்தான் அதிகக் கூச்சம்.

பூக்கார அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது நிறையாது. பேருந்து நிறுத்தத்தில் கடை. கியூஆர் அட்டையும், பணம் வந்ததும் தமிழில் சொல்லுகிற சின்னப் பெட்டியும் வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. அந்தப் பெட்டி சொன்னால்தான் பூவைக் கையில் கொடுப்பார். போனைக் காட்டி "அனுப்பிட்டேன்கா" என்பவர்களிடம், "பொட்டி சொல்லட்டும்" என்று நின்றுவிடுவார். எங்கள் வகுப்பில் மோசடிப் பாடத்தை நடத்துவதற்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் அது உன் பணத்தை எடுக்கத்தான் என்று அவர் சொன்னால் எல்லார் மனதிலும் பதிகிறது.

ஏனென்றால் போன வருஷம் எங்கள் தெருவிலேயே ஒருவர் இழந்தார். வங்கியிலிருந்து பேசுகிறேன், கணக்கு முடங்கப்போகிறது என்று ஒரு குரல். வந்த எண்ணைச் சொல்லிவிட்டார். மாடு விற்ற பணம். வீட்டில் திட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். தெரிய வந்தபோது நாளாகிவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி தெளிவாக இருக்கிறது: எண்ணை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்; தெரிவித்த பிறகு போகிற பணம் வங்கியின் தலையில். இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. ஆகவே நான் குடும்பத்தினரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறேன்: திட்டாதீர்கள். ஏமாந்த மனுஷி பயமில்லாமல் வாய் திறக்கிற வீட்டில்தான் பணம் திரும்பும். இந்த மோசடித் தொழிலில் இருக்கிறவன் பேசுகிற பேச்சில் படித்த அதிகாரிகளே ஏமாறுகிறார்கள்.

கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழில் பேசினால் எழுதும் வசதியைக் கொடுத்தது. 'ழ'வுக்காகப் பலப்பம் ஒடித்த அத்தைக்கு இப்போது அந்த எழுத்து தானாக வந்து விழுகிறது. அவருக்கு அதில் முழு திருப்தி இல்லை. பேசி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விழுந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துச் சரிபார்க்கிறார். எங்கள் ஊர்ப் பேச்சு அந்தப் போனுக்கு அங்கங்கே புரிவதில்லை. 'ஆத்தா' என்றால் வேறு ஏதோ எழுதும். "இது தப்பா எழுதிருக்கு" என்று விரல் வைத்துக் காட்டுகிறார். படிக்கத் தெரிந்ததால் காட்டுகிறார். கோயில் சுவரில் சாய்ந்து சேர்த்த எழுத்து அது.

போன சனிக்கிழமை அவர் ஒரு வேலையோடு வந்தார். பின் தெருவில் ஒரு விதவை, அறுபத்தேழு வயது. முதியோர் பணத்துக்கு எழுதிப்போட்டு வெகுநாளாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. 1,200 ரூபாய். அரசின் 1100க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம், 'முதல்வரின் முகவரி' துறைக்குப் போனிலேயே மனு போடலாம் என்று முந்தின வாரம் பாடம் நடத்தியிருந்தேன். அத்தை மனுவைப் பேசிப் பேசி எழுத வைத்தார். நான் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு? குடுக்க வேண்டியதக் குடுக்கச் சொல்றோம்" என்று மறுத்துவிட்டார். பழைய மனு கொடுத்த தேதி, ரசீது எண், வீட்டில் வேறு வருமானம் இல்லை என்பது, மூன்று வரி. அனுப்பியதும் பதிவெண் வந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த அம்மாவையும் வகுப்புக்குக் கூட்டி வரப்போகிறாராம். அவரிடம் போன் இல்லையே என்றேன். தன் போனிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்றார் அத்தை, கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொடட்டும், பேசட்டும். ஓடிபி வந்தா மட்டும் காட்ட மாட்டேன். அது அவளுக்கும் தெரியணும்ல" என்றார்.